வெள்ளிச் சட்டைக்காரியை மூன்று முறை பார்த்தேன்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஓர் அரசாங்க அலுவலகத்தில் வலது கையைத் தூக்கி நின்று, அதிகாரி சொல்லச் சொல்ல நானும் சொல்லி, இந்தச் சிங்கப்பூர் நாட்டுக் குடிமகளானேன். என் இந்தியக் கடவுச்சீட்டை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்கள். கூட நின்றவர்கள் கை குலுக்கினார்கள். ஒரு சீன அம்மாள் அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஜாலான் புசாரில் இரும்புக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறைக்கு வந்து, ஏற்கெனவே கல் பொறுக்கி வைத்திருந்த அரிசியை மறுபடி முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினேன். உட்கார முடியவில்லை. நின்றால் நிற்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் இருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நினைவில் வந்திருக்க வேண்டியது ஊர், இல்லாவிட்டால் ஐந்து மாதத்துக்கு முன் அந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்ட என் வீட்டுக்காரர். வந்ததோ ஓர் ஆங்கிலப் படம். வானத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்கும் படம். அதன் பெயர் அந்தக் காலத்தில் என் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ‘வெள்ளிச் சட்டைக்காரி படம்’ என்று பெயர்.

அதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது வேறு படமாக இருந்தது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இங்கே இருக்கிறேன், அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பதைச் சொல்ல முடியும் போலிருக்கிறது.

2

முதல் முறை பார்த்தபோது நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயது இருபது. திண்டுக்கல் கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். சர்ச்சில் பாடத் தெரியும், பூவேலை போடத் தெரியும். இங்கே கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கத் தெரியவில்லை.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் கடை. “சீனி” என்று கேட்டேன். அவர் தராசை வைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றார். நான் பயந்துபோய் இன்னும் சத்தமாக “சீனி, சீனி” என்றேன். அவர் இன்னும் கிட்டே வந்தார். நான் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். மலாயில் ‘சீனி’ என்றால் ‘இங்கே’ என்று வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். “நீ வா வான்னு கூப்பிட்டா அவர் வராம என்ன செய்வார்?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சமாதானப்படுத்தத் தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இடம் இல்லை. எதிர்க் கொட்டகையில் கூட்டமே இல்லை. அப்படித்தான் அந்தப் படத்துக்குப் போனோம்.

கதை சின்னது. அமெரிக்காவில் ஒரு சோளக் கொல்லை. அதில் வானத்திலிருந்து ஓர் ஊர்தி விழுகிறது. உள்ளே இருந்தவர்களில் வெள்ளி நிறச் சட்டை போட்ட ஒரு பெண் மட்டும் பிழைக்கிறாள். மாட்டு வைத்தியர் ஒருவர் அவளைத் தன் வைக்கோல் கொட்டகையில் ஒளித்து வைக்கிறார். ரொட்டியைக் கொடுத்தாலும் தின்கிறாள், சோப்பைக் கொடுத்தாலும் தின்கிறாள். படம் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, அவள் என்ன செய்வாள்?

வீட்டுக்காரர் என் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் செலத்தார் விமானத் தளத்தில் சாமான் கிடங்குக் குமாஸ்தா. வெள்ளைக்காரர்களோடு வேலை. அவருக்குத் தெரியாத ஆங்கிலமா என்று எனக்கு ஒரே பெருமை.

கடைசியில் அவளைத் தேடி இன்னொரு ஊர்தி வந்து இறங்குகிறது. கதவு திறக்கிறது. அவளைப் போலவே வெள்ளி உடுப்பில் ஒரு வயசாளி வாசலில் நிற்கிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். கதவு மூடுகிறது. ஊர்தி மேலே போய்விடுகிறது. அவள் சோளத்துக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

“என்னங்க, ஏன் விட்டுட்டுப் போறாங்க?”

“இப்ப அதுல இடம் இல்லையாம். மூணு வருஷத்துல வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்றாரு.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்னிடமும் அவர் மூன்று வருஷம் என்றுதான் சொல்லியிருந்தார். மூன்று வருஷம் சிங்கப்பூர், அப்புறம் திண்டுக்கல்லில் வீடு. அறைக்கு வந்த பிறகும் அந்தப் பெண்ணை நினைத்தே கிடந்தேன். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து, அதே மலாய்க்காரர் கடைக்குப் போய், சாக்கைக் கையால் தொட்டுக் காட்டிச் சீனி வாங்கி வந்தேன். அவளே மூன்று வருஷம் இருக்கப் போகிறாள், நமக்கென்ன என்று ஒரு தைரியம்.

3

மூன்று வருஷம் ஐந்தாயிற்று. மகள் ஸ்டெல்லா பிறந்து நடந்து பேசினாள். நான் சந்தைக்குத் தேவையான மலாய் பேசினேன். எங்கள் பங்குக் கோவிலில் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு தொடங்கினார்கள். பக்கத்து அறைத் தேவகியக்கா, “நான் இந்து, என்னைச் சேப்பாங்களா?” என்று கேட்டுக்கொண்டே என்னோடு வந்து சேர்ந்தார். வாரத்தில் இரண்டு சாயங்காலம். ‘திஸ் இஸ் எ பாட்’டில் ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் பேருந்து நடத்துனரோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டோம்.

ஒரு நாள் பங்கு மண்டபத்தில் படம் போடுகிறார்கள் என்று போனோம். வெள்ளைத் துணி, மடக்கு நாற்காலிகள், பழைய இயந்திரம் ஒன்று. படம் தொடங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சோளக் கொல்லை! தேவகியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இந்தக் கதை எனக்குத் தெரியும், கடைசியில அழுகை வரும்” என்றேன். வைத்தியர் அந்தப் பெண்ணை முத்தமிடும் இடத்தில் பங்குச் சாமியார் தன் தொப்பியை இயந்திரத்தின் முன்னால் பிடித்தார். திரை இருட்டாகிவிட்டது. அவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கூச்சல் போட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. வயசாளி கையை நீட்டி ஏதோ சொன்னார். அதில் ‘கம்’ என்பது என் காதில் விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள். “நோ. ஐ வில் ஸ்டே” என்றாள். நான்கு சொல். வகுப்பில் படித்த சொற்கள்தான், நான்கும்.

கதவு மூடியது. ஊர்தி போயிற்று. தேவகியக்கா என் முகத்தைப் பார்த்து, “அழுகை வரும்னே?” என்றார்.

வரவில்லை. கோபம் வந்தது. அவளாகவே இருந்துகொண்டாளா? அப்படியானால் அன்று நான் யாருக்காக அழுதேன்? என்னை இங்கே இருக்க வைக்கத்தானே அவர் கதையை மாற்றிச் சொன்னார்? ஸ்டெல்லாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்தேன். தேவகியக்கா பின்தங்கிவிட்டார்.

வீட்டுக்காரர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு எங்கிட்டப் பொய் சொன்னீங்க?”

“என்ன பொய்?”

சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அவ போக மாட்டேன்னா சொல்றா?”

“ஆமா. வா வான்னுதான் கூப்பிடறாரு. இவதான் இருக்கேன்றா.”

“நெசமாவா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

“அன்னைக்கு எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், ரெஜினா? பெட்டி பேரு, நம்பரு, எஸ் சார், நோ சார். நீ பெருமையா பார்த்துக்கிட்டே இருந்தே. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாயையும் மூஞ்சியையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.”

“அந்த மூணு வருஷம்?”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான், ஒருத்தி மாட்டேன்னு சொல்லுவான்னு எனக்கு எப்படித் தோணும்?”

அவர் மறுபடி பித்தான் தைக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் கால் தரிக்கவில்லை. ஐந்து வருஷமாக, ஊரை நினைத்து ஏங்குகிறவள் நான், தேற்றுகிறவர் அவர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் எப்போதோ ஏங்குவதை விட்டிருந்தேன். அதை அன்றுதான் கவனித்தேன். அவர் விடவில்லை. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளிச் சட்டைக்காரி மேல் எனக்குப் பெரிய மரியாதை. எதற்காவது தயங்கினால், நோ, ஐ வில் ஸ்டே என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். பங்குக் கோவில் நடத்தும் பாலர் பள்ளியில் உதவியாளாகச் சேர்ந்தது அந்தத் துணிச்சலில்தான். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். அவர்கள் எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள்.

4

இந்த வருஷத் தொடக்கத்தில், வெள்ளைக்காரர்கள் தளங்களை மூடிக்கொண்டு போகப் போகிறார்கள் என்ற செய்தி உறுதியானது. வீட்டுக்காரரோடு வேலை செய்தவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். அவர் முகத்தில் பல வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

“வேலை போறதும் நல்லதுக்குத்தான். போயிடலாம், ரெஜினா.”

நான் “பார்க்கலாம்” என்றேன். பார்க்கலாம் என்றால் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்குப் பதினொரு வயது. ஆங்கிலப் பள்ளி. தமிழ் இரண்டாம் மொழி. ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். ‘எங்கள் ஊரில் நிறைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. எங்கள் ஊர் பஸ் மிகவும் வேகம்’ என்று இருந்தது. அவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் அப்போது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், குடியுரிமை மனுவுக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டேன். எழுத உட்கார்ந்தவர் பேனாவை எடுக்காமல் கேட்டார்.

“வீட்டுக்காரருக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சாமி.”

தபசு காலத்தில், பீடத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, சாமியாரிடம் சொன்ன பொய். மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஈஸ்டருக்குச் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அது இரண்டாவது பொய்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் கப்பலில் மூன்று பேருக்கும் இடம் எழுதிவிட்டு வந்தார். அந்த வாரச் சனிக்கிழமைதான், “நாம மொதல்ல பார்த்த படம் திரும்ப வந்திருக்கு. போறதுக்கு முன்னாடி இவளுக்கும் காட்டிடலாம்” என்று மதியக் காட்சிக்குக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் அகப்படவில்லை.

ஸ்டெல்லா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்தாள். படம் முழுக்கச் சிரிப்பு.

“மா, கம்பி தெரியுதுலா! ஸ்பேஸ்ஷிப்ப கயிறு கட்டி இழுக்கறாங்க! சோ ஃபேக்!”

“சும்மா பாரு.”

“வேற ப்ளானெட்லருந்து வந்தவங்க ஏன் இங்கிலீஷ் பேசறாங்க?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கம்பியும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெள்ளிச் சட்டை மழைக் கோட்டுத் துணி மாதிரி கசங்கியிருந்தது. அந்தப் பெண்ணை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ, கடைசிக் காட்சியில் அந்த வயசாளியைப் பார்த்தேன். அவள் “நோ” என்றதும் அவர் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கதவு மூடும் வரைக்கும் அங்கேயே நின்றார். இரண்டு முறை பார்த்தும் நான் அந்த மனிதரைப் பார்த்திருக்கவில்லை.

விளக்கு போட்டார்கள். வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் ஸ்டெல்லா முன்னால் ஓடினாள். அவர் சொன்னார்: “அந்தாளு அவ்வளவு தூரம் வந்திருக்கான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வராமலாவது இருந்திருப்பான்.”

நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் ஆணி விற்கும் கடை. இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

“நான் சிட்டிசனுக்கு எழுதிக் குடுத்திருக்கேங்க.”

“எப்ப?”

“தபசுல.”

“சாமிகிட்ட லெட்டர் கேட்டிருப்பாங்களே?”

“உங்களுக்குத் தெரியும்னு சொல்லி வாங்கினேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திட்டலாம் என்று வார்த்தைகூடச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து ஆணிப் பெட்டிகளைப் பார்த்தார். ஏதோ வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கடைக்காரர் எழுந்து வந்தார். “ஒண்ணும் வேணாம், முதலாளி” என்று மலாயில் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் நடந்தார்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து, “ரெண்டு இடத்தை ரத்து பண்ணிட்டேன்” என்றார். “நான் போய்ப் பார்க்கறேன். போகாம இங்க உட்கார்ந்திருந்தா உன்மேல எனக்கு வெறுப்பு வந்துடும்.”

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது.

5

துறைமுகத்தில் ஸ்டெல்லாவிடம், “அப்பாவுக்குத் தமிழ்ல லெட்டர் போடணும்” என்றார். “ஓகே பா” என்றாள். என்னிடம் அரிசி வாங்கும் கடை, கூரை ஒழுகும் இடம் என்று வரிசையாகச் சொன்னார். ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தால் உள்ளே விடுவோம் என்று ஓர் அனுமதிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சீனர், இளவயது.

“ஹஸ்பண்ட் வென்ட் பேக். யூ?”

“ஐ ஆம் ஸ்டாப்பிங் ஹியர், சார்.”

“ஸ்டாப்பிங் வாட்?”

எனக்கு வேர்த்துவிட்டது. தங்குகிறேன் என்று சொல்ல நினைத்துத்தான் சொன்னேன். எதை நிறுத்துகிறாய் என்று கேட்கிறார். அடுத்த மேஜையில் இருந்த தமிழ்ப் பெண் தாளிலிருந்து தலையை எடுக்காமலே, “ஸ்டேயிங்னு சொல்லுங்கக்கா” என்றாள். சொன்னேன். எத்தனையோ வருஷமாக மனத்துக்குள் சொல்லிப் பழகிய சொல், வாயைத் திறக்கும்போது வரவில்லை.

அவரிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். தெருவில் ‘சிங்கப்பூரார்’ என்கிறார்களாம். ஒரு பூட்டுக் கடையில், பரவாயில்லை என்பதற்குப் பழக்கதோஷத்தில் மலாயில் ‘தாப்பா’ என்றாராம். கடைக்காரர் நாலு விதத் தாழ்ப்பாள் எடுத்துப் போட்டாராம். ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எதற்குச் சிரிக்க வேண்டும் என்று புரியவில்லை.

கடைசிக் கடிதம் போன மாதம் வந்தது. அதன் முடிவில் எழுதியிருந்தார்: ‘நீ எழுதும் கடிதங்களில் எல்லாச் செய்தியும் இருக்கிறது. வா என்று மட்டும் எழுதவில்லை. எழுதினால் வந்துவிடுவேன் என்று அர்த்தமில்லை. எழுதவில்லை என்பதைச் சொல்கிறேன்.’

அதைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். அவருடைய அனுமதிச் சீட்டில் இன்னும் ஒரு மாதம்தான் மிச்சம். குடியுரிமை வாங்கிய மறுநாள், அதாவது சென்ற புதன்கிழமை, பாலர் பள்ளியில் விடுப்புக் கேட்டுக்கொண்டு தந்தி அலுவலகத்துக்குப் போனேன்.

ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ‘கம்’ என்று எழுதினேன். பார்த்தேன். பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டு VAANGA என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த யுரேஷியப் பெண்மணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“வாட் இஸ் திஸ்? கோட் வேர்ட்?”

“நோ, மேடம். தமிழ். இட் மீன்ஸ் கம்.”

“தென் வை நாட் ரைட் கம்?”

“மை ஹஸ்பண்ட், மேடம். வித் ரெஸ்பெக்ட்.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஒவ்வோர் எழுத்தையும் பென்சிலால் தொட்டுச் சரி பார்த்து, முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். மாடிப்படியில் யார் கால் வைத்தாலும் எழுந்து நின்றேன். பூசையில் முழந்தாளிட்டுக்கொண்டு தந்திக்காரனுடைய சைக்கிள் மணியைக் கேட்டேன். பங்குச் சாமியாரிடம் போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர், “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றார்.

இன்று காலை தந்தி வந்தது. ஸ்டெல்லா என் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள்.

“வாருகி... ரென். மா, வாட் இஸ் வாருகிரென்?”

“வருகிறேன். வர்றேன்னு அர்த்தம்.”

“அப்பா வர்றாங்களா? எப்ப?”

“போடலை.”

“ஸ்டே பண்ணவா, நம்மள கூட்டிட்டுப் போகவா?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அது எதிலும் எழுதியிருக்கவில்லை. அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

“வந்ததும் கேட்கலாம்” என்றேன்.

“நான் கேட்கறேன்” என்றாள் ஸ்டெல்லா. ஐந்து மாதமாகக் கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் முழுக்க அவளுடைய பாடப் புத்தகங்களும் வண்ணப் பெட்டியும் பரப்பிக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கத் தொடங்கினாள்.